நோட்டர் டேம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி

நோட்டர் டேம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி என்பது ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகருக்கு அருகில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்புக் கல்லூரி ஆகும். இப்பல்கலைக்கழகம் கத்தோலிக்கத் துறவற சபைகளுள் ஒன்றான திருச்சிலுவை சபையினரால் 1842ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இங்கு 1873இல் குடிசார் பொறியியல் பாடநெறி ஏற்படுத்தப்பட்டது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுள் பொறியியலை முதன்முதலில் கற்பித்தது இதுவே என்பர். தனிக் கல்லூரியாக இது உருப்பெற்றது 1920இல் ஆகும்.

"நோத்ரு டாம்" என்னும் பிரெஞ்சுச் சொற்றொடர் அன்னை மரியாவைக் குறிப்பது. பாரிசில் உள்ள புகழ்பெற்ற பேராலயத்தின் பெயரும் இதுவே. அமெரிக்கர் இதனை "நோட்டர் டேம்" எனப் பலுக்குவதால், இக்கட்டுரையிலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

தொடக்கம்

பல்கலைக்கழகத்தை நிறுவிய எட்வர்ட் சோரின் பிரான்சிலிருந்து வந்த ஒரு குரு ஆவார். ஏரிக்கரையில் காட்டு நிலமாகக் கிடந்த இடத்தில் அவரும் சபைச் சகோதரர்களும் பள்ளியைத் தொடங்கினர். இரண்டு ஆண்டுகளில், அதாவது 1844இல், இந்தியானா மாநிலம் அதற்குப் பல்கலைக்கழகத்துக்குரிய பட்டயத்தை வழங்கியது. எனினும் பல பத்தாண்டுகள் வரை அங்கு பெரும்பாலும் நடந்தது உறைவிடப் பள்ளியே. இலத்தீன், கிரேக்கம், மெய்யியல், சொற்கலை ஆகியவையே உயர்ந்த கல்வி எனக் கருதப்பட்டன. அதே வளாகத்தில் கைத்தொழிற் பள்ளி ஒன்றும் இயங்கியது. அங்கு ஆதரவற்ற சிறுவர்கள் தச்சு, கொல்லு, தையல் போன்ற தொழில்களைச் சகோதரர்களிடம் கற்றனர். ஆக, நூலறிவும் கைவேலையும் ஒரே மதிலுக்குள் இருந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொறியியல் அங்கு நுழைந்த முறையே இக்கல்லூரியின் வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

1865இல் அறிவியலுக்கெனத் தனிப் பாடநெறி ஏற்பட்டது. 1873இல் குடிசார் பொறியியல் அதனுடன் சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதி நோக்கி இருப்புப்பாதைகளும் பாலங்களும் விரைந்து கட்டப்பட்டன. நில அளவை தெரிந்த இளைஞர்களுக்கு உடனே வேலை கிடைத்தது. எனவே தொடக்கப் பாடங்கள் அளவையியல், வரைகலை, பாலங்கள், சாலைகள் என்பவற்றையே சுற்றி அமைந்தன.

1879 ஏப்ரல் 23 அன்று ஏற்பட்ட தீயில் முதன்மைக் கட்டடம் முற்றாக எரிந்துபோனது. அப்பொழுது சோரினுக்கு வயது 65. ஏறத்தாழ 300 தொழிலாளர்களைக் கொண்டு, அவ்வாண்டின் இலையுதிர்காலப் பருவம் தொடங்குவதற்குள் புதிய முதன்மைக் கட்டடம் வகுப்புகளுக்கு ஆயத்தமாக்கப்பட்டது. பொன்முலாம் பூசிய கவிமாடத்துடன் இன்று படங்களில் காணப்படுவது இக்கட்டடமே ஆகும் (கவிமாடம் சில ஆண்டுகள் கழித்தே முடிக்கப்பட்டது).

சாம் உடன்பிறப்புகள்

தீக்குப் பின் வந்த தலைமுறையில் அறிவியலை வளர்த்தவர் ஜான் அகஸ்டின் சாம் என்னும் குரு. 1880களில் அறிவியல் கூடம் எழவும், வளாகத்துக்கு மின்விளக்கு வரவும் இவரே காரணமாக இருந்தார். கூர்ப்புக் கொள்கைக்கும் கத்தோலிக்க நம்பிக்கைக்கும் முரண்பாடு இல்லை என வாதிட்டு 1896இல் இவர் ஒரு நூல் எழுதினார். 1898இல் உரோமையின் தணிக்கை மன்றம் அதனைத் தடைசெய்யத் தீர்மானித்தது. ஆணை வெளிப்படையாக அறிவிக்கப்படவில்லை எனினும், சாம் நூலின் விற்பனையை நிறுத்திக்கொண்டார். உயிரியலில் இத்தகைய இடர் இருந்த காலத்தில், பொறியியலுக்கு அவ்வாறான தடை எதுவும் எழவில்லை. பாலத்தின் வலிமையைக் கணக்கிடுவோரிடம் எவரும் இறையியல் வினா எழுப்புவதில்லை என்பதும் ஒரு காரணமாகலாம்.

இவருடைய தம்பி ஆல்பர்ட் பிரான்சிசு சாம் (1862–1954) நோட்டர் டேமில் மாணவராக இருந்தபோதே பறத்தல் பற்றிய ஆய்வில் ஈடுபட்டார். 1882இல் கையால் இயக்கும் காற்றூதியைக் கொண்டு ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார். அசையும் பொருளைக் காற்றில் செலுத்துவதற்கு மாறாக, நிலையாக வைத்த பொருளின்மீது காற்றைச் செலுத்தி விசைகளை அளப்பதே காற்றுச் சுரங்கம் ஆகும். உலகின் முதல் காற்றுச் சுரங்கத்தை இங்கிலாந்தில் பிரான்சிசு வென்னாம் 1871இல் அமைத்திருந்தார். அமெரிக்காவில் அமைக்கப்பட்ட மிகப் பழையவற்றுள் ஒன்று சாம் அமைத்தது. ரைட் உடன்பிறப்புகள் தம் புகழ்பெற்ற சிறு சுரங்கத்தைச் செய்தது 1901இல்தான் என்பதை நோக்கினால் இதன் முன்மை விளங்கும்.

ஆல்பர்ட் சாம் பின்னர் நோட்டர் டேமில் கற்பித்தார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி, ஒக்டேவ் சனூட்டுடன் இணைந்து வான்பயணம் பற்றிய பன்னாட்டு மாநாட்டை ஒழுங்குசெய்தார். மனிதன் பறப்பது பற்றிப் பேசுவோர் நகைப்புக்கு உள்ளான காலம் அது. அம்மாநாட்டில் பொறியாளர்கள் பொதுமேடையில் கட்டுரை படித்தது, இத்துறைக்கு ஒரு மதிப்பை ஏற்படுத்தியது. பின்னர் வாசிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற சாம், அங்கு 1901இல் 40 அடி நீளமுள்ள பெரிய காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, மேற்பரப்பின்மீது காற்று ஏற்படுத்தும் உராய்வை அளந்தார். உராய்வு புறக்கணிக்கத்தக்கது என அதுவரை பலர் நம்பியிருந்தனர். அது அவ்வாறன்று எனக் காட்டியது சாமின் முதன்மையான பங்களிப்பாகும்.

அவருடைய வாழ்வில் ஒரு கறையும் உண்டு. ரைட் உடன்பிறப்புகளுக்கும் கிளென் கர்ட்டிசுக்கும் இடையே நடந்த காப்புரிமை வழக்கில் சாம் கர்ட்டிசு தரப்பின் வல்லுநராக நின்றார். 1903இல் இருமுறை நீரில் விழுந்த இலாங்லியின் வானூர்தியை, 1914இல் நியூயார்க் மாநிலத்தின் அமண்ட்சுபோர்ட்டில் கர்ட்டிசு பழுதுபார்த்துச் சிறிது பறக்கச்செய்தார். அந்த வானூர்தி தொடக்கத்திலேயே பறக்கவல்லதாக இருந்தது என்று சாம் எழுதிய அறிக்கையை சிமித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது. பழுதுபார்த்தபோது இறக்கை முதலியவற்றில் செய்யப்பட்ட மாற்றங்கள் உரியவாறு கூறப்படவில்லை. மனம் நொந்த ஓர்வில் ரைட், 1903ஆம் ஆண்டு வானூர்தியை 1928இல் இலண்டனுக்கு அனுப்பிவிட்டார். மாற்றங்களைப் பட்டியலிட்டு சிமித்சோனியன் வருத்தம் தெரிவித்தது 1942இல் ஆகும். அமெரிக்காவுக்கு அந்த வானூர்தி மீண்டது 1948 இறுதியில். ஓர்வில் அவ்வாண்டு சனவரியிலேயே இறந்துவிட்டார். சோதனையில் எதனை மாற்றினோம் என்று எழுதிவைக்கத் தவறியதால் ஏற்பட்ட நீண்டகாலப் பூசல் இது. பொறியியல் மாணவர் எவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு என்பதால் இங்கு சற்று விரிவாகத் தரப்படுகிறது. நோட்டர் டேம், கத்தோலிக்கப் பொதுநிலையினருக்குத் தான் அக்காலத்தில் வழங்கிவந்த உயரிய சிறப்பான இலெத்தாரே பதக்கத்தை 1925இல் சாமுக்கு அளித்தது.

கம்பியில்லாத் தந்தி

மின் பொறியியலில் குறிப்பிடத்தக்க தொடக்க நிகழ்வு 1899 ஏப்ரலில் நடந்தது. மார்க்கோனி ஐரோப்பாவில் செய்துகாட்டியதைப் பின்பற்றி, பேராசிரியர் ஜெரோம் கிரீன் தாமே கருவிகளைச் செய்து, வளாகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் உள்ள செயிண்ட் மேரீஸ் மகளிர் கல்விநிலையத்துக்குக் கம்பியில்லாமல் தந்திச் செய்தி அனுப்பினார். அமெரிக்காவில் அனுப்பப்பட்ட முதல் கம்பியில்லாச் செய்தி என்று இது குறிப்பிடப்படுகிறது. ("முதல்" என்னும் இத்தகைய உரிமைகளுக்கு வேறிடங்களிலும் போட்டி இருப்பது வழக்கம்.)

அக்காலக் கருவிகள் மிக எளியவை. அனுப்பும் பக்கத்தில் தூண்டற்சுருள் ஒன்று மின்பொறியை உண்டாக்கும். வாங்கும் பக்கத்தில் உலோகத் தூள் அடைத்த சிறு கண்ணாடிக் குழாய் இருக்கும். மின்காந்த அலை பட்டவுடன் தூள் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைக் கடத்தும். குழாயை மெல்லத் தட்டினால் தூள் மீண்டும் பிரியும். நல்ல பட்டறையும் பொறுமையும் உள்ள எந்தக் கல்லூரியும் செய்யக்கூடியதாக இது இருந்தமையால், பெரும் நிதி இல்லாத ஒரு கத்தோலிக்கக் கல்விநிலையமும் முன்னணியில் நிற்க முடிந்தது.

தனிக் கல்லூரி ஆதல்

1919 முதல் 1922 வரை தலைவராக இருந்த ஜேம்சு பர்ன்சு காலத்திலேயே நோட்டர் டேம் உண்மையான பல்கலைக்கழகமாக மாறியது எனலாம். அவர் வளாகத்திலிருந்த ஆயத்தப் பள்ளியைப் படிப்படியாக மூடினார். 1920இல் பாடநெறிகளைக் கலை, அறிவியல், பொறியியல், சட்டம் எனத் தனித்தனிக் கல்லூரிகளாகப் பிரித்தார். இதனால் பொறியியலுக்கு முதன்முறையாகத் தனி முதல்வரும் தனி வரவுசெலவும் அமைந்தன.

பணம் எங்கிருந்து வரும் என்பதே பெரிய வினாவாக இருந்தது. அதுவரை நோட்டர் டேமின் உண்மையான முதலீடு சம்பளமின்றிக் கற்பித்த துறவியரின் உழைப்பே. பொறியியலுக்கு அது போதாது. இயந்திரங்களை விலைகொடுத்து வாங்கவேண்டும், தொழில் அறிந்த பொதுநிலை ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். ராக்பெல்லர் நிதியில் இயங்கிய பொதுக் கல்வி வாரியம், பல்கலைக்கழகம் 7,50,000 டாலர் திரட்டினால் தான் 2,50,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. கார்னெகி அறநிறுவனம் 75,000 டாலர் அளித்தது. புராட்டஸ்தாந்துச் செல்வர்கள் தோற்றுவித்த அறநிலையங்களிடம் ஒரு கத்தோலிக்கக் கல்விநிலையம் கையேந்துவது அக்காலத்தில் எளிதில் எண்ணக்கூடியது அன்று. பணியாளர் சம்பளத்துக்கான நிலைநிதி இவ்வாறே உருவானது.

1931இல் பெருமந்தத்தின் நடுவே மற்றொரு கொடை வந்தது. சிகாகோவில் தூர்வாரல், துறைமுகக் கட்டுமானம் ஆகியவற்றைச் செய்த ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவரான ஜான் குசிங், பொறியியல் கட்டடத்துக்காக 3,00,000 டாலர் வழங்கினார். அவர் 1906ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவர். இறுதியாண்டுக்குப் பணம் இல்லை, படிப்பை விட்டுவிடுகிறேன் என்று மாணவராக இருந்தபோது அவர் சொல்ல, அப்போதைய தலைவர் ஆண்ட்ரூ மோரிசி அவரைப் போகவிடாமல் படிக்கவைத்தார் எனக் கூறப்படுகிறது. அவர் பெயரைத் தாங்கிய குசிங் பொறியியல் கூடம் 1933 அளவில் பயன்பாட்டுக்கு வந்தது.

ராக்னி விபத்தும் வானூர்திப் பொறியியலும்

அதே 1931இன் மார்ச்சு 31 அன்று, நோட்டர் டேமின் காற்பந்தாட்டப் பயிற்றுநர் நூட் ராக்னி சென்ற போக்கர் எஃப்-10 வானூர்தி கன்சாசு மாநிலத்தில் விழுந்து நொறுங்கியது, எண்மர் இறந்தனர். ராக்னி அமெரிக்கா முழுதும் அறியப்பட்டவர் (அவர் இங்கு வேதியியல் கற்பித்தவரும் ஆவார்). வானூர்தியின் இறக்கை மரத்தால் ஆனது. ஈரத்தால் பசை வலுவிழந்து உட்புற இணைப்புகள் பிரிந்தமையே காரணம் எனக் கண்டறியப்பட்டது. பொதுமக்களிடையே எழுந்த பெருங்குரலால் விபத்து விசாரணைகளின் முடிவை மறைத்துவைக்கும் வழக்கம் தளர்ந்தது. மர இறக்கை கொண்ட பயணியர் வானூர்திகள் வழக்கொழிந்து, முழுதும் உலோகத்தால் ஆன போயிங் 247, டக்ளசு டிசி வரிசை ஆகியவை வந்தன.

1935இல் நோட்டர் டேமில் வானூர்திப் பொறியியல் தனித்துறையாகியது. விபத்தின் விளைவாகவே துறை தோன்றியது எனக் கொள்ளலாகாது. நாடெங்கும் வானூர்தித் தொழில் வளர்ந்த காலம் அது. துறையை நடத்த வந்த பிராங்கு பிரவுன், காற்றோட்டத்தைக் கண்ணால் காணச்செய்யும் புகைச் சுரங்கங்களை அமைப்பதில் பெயர் பெற்றார்.

சுரங்கத்தில் ஓடும் காற்று கண்ணுக்குப் புலப்படாது. அதில் மெல்லிய புகை இழைகளை விட்டால் ஓட்டத்தின் பாதை தெரியும். ஆனால் காற்றில் சிறிதளவு கொந்தளிப்பு இருந்தாலும் புகை கலைந்துவிடும். பிரவுனும் அவருக்குப் பின் வந்தோரும் சுரங்கத்தின் வாயைப் பெரிதாக அமைத்து, நுண்ணிய வலைத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் காற்றை அமைதிப்படுத்தினர். பிற்காலச் சுரங்கங்களில் வாயின் பரப்பு சோதனைப் பகுதியின் பரப்பைப்போல் 24 மடங்காக இருந்தது. மண்ணெண்ணெயை ஆவியாக்கிப் பெற்ற புகை, இச்சுரங்கங்களில் நூலிழைபோல் கலையாமல் ஓடியது. சுழலும் பேசுபால் பந்தைச் சுற்றிப் புகை வளைந்து செல்வதைக் காட்டும் பிரவுனின் ஒளிப்படம், பந்து ஏன் வளைகிறது என்பதை விளக்கும் நூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. (துடுப்பாட்டத்தில் சுழற்பந்து காற்றில் விலகிச்செல்வதன் விளக்கமும் இதுவே.) தாமசு முல்லர் இப்பணியைத் தொடர்ந்து, மிகக் குறைந்த வேகத்தில் பறக்கும் சிறு இறக்கைகளை ஆராய்ந்தார். கையளவேயான ஆளில்லா வானூர்திகளை வடிவமைப்போருக்கு இம்முடிவுகள் பயன்பட்டன.

போர்க்காலமும் பின்னரும்

இரண்டாம் உலகப் போரில் இளைஞர்கள் படைக்குச் சென்றதால் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. கடற்படை தன் அதிகாரிகளுக்கான பயிற்சியை வளாகத்தில் நடத்தியமையே பல்கலைக்கழகம் தாக்குப்பிடிக்க உதவியது. ஏறத்தாழ 12,000 அதிகாரிகள் இங்கு பயிற்சி பெற்றனர். போருக்குப் பின் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு உதவித்தொகையால் பொறியியல் வகுப்புகள் நிரம்பின.

தியோடர் எசுபர்க் தலைவராக இருந்த 1952–1987 காலத்தில் பட்டமேற்படிப்பும் ஆய்வும் வலுப்பெற்றன. 1972இல் பெண்கள் இளநிலைப் படிப்புக்குச் சேர்க்கப்பட்டனர். அதுவரை, ஒரு மைல் தொலைவில் கம்பியில்லாச் செய்தியை வாங்கிய அதே செயிண்ட் மேரீசில்தான் பெண்கள் படித்தனர். குடிசார் பொறியாளரான பட்ரீசியா கல்லிகன் 2020இல் இக்கல்லூரியின் முதல் பெண் முதல்வரானார்.

1979இல் பிட்சுபாட்ரிக் கூடம் திறக்கப்பட்டது. அதுவரை பொறியியல் கல்லூரியில் இருந்த கட்டடக்கலைத் துறை 1994இல் தனிப் பள்ளியாகப் பிரிந்தது. 2010இல் அர்ப்பணிக்கப்பட்ட சுடின்சன்-ரெமிக் கூடத்தில் நுண்மின்னணுக் கருவிகளைச் செய்வதற்கான தூய்மை அறைகள் உள்ளன.

துறைகளும் ஆய்வும்

கல்லூரியில் ஐந்து துறைகள் உள்ளன: வானூர்தி மற்றும் இயந்திரப் பொறியியல், வேதி மற்றும் உயிர்மூலக்கூற்றுப் பொறியியல், குடிசார், சூழல் பொறியியல் மற்றும் புவி அறிவியல், கணினி அறிவியல் மற்றும் பொறியியல், மின் பொறியியல்.

கணினித் துறையில் பீட்டர் காகி குறிப்பிடத்தக்கவர். இங்கு மின் பொறியியல் பயின்று 1968இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்த இவர், ஆரல்டு சுடோனுடன் இணைந்து 1973இல் வெளியிட்ட முறையே காகி-சுடோன் கூட்டி எனப்படுகிறது. இரு எண்களைக் கூட்டும்போது, வலப்பக்க இலக்கத்தின் மிகுதி தெரியும்வரை இடப்பக்க இலக்கம் காத்திருக்கவேண்டும். இக்காத்திருப்பை எண்ணின் நீளத்துக்கு நேர்விகிதத்தில் அல்லாமல், அதன் மடக்கைக்கு ஏற்பவே வளருமாறு இம்முறை குறைக்கிறது. அதாவது 64 பிட்டு எண்ணுக்கு 64 படிகளுக்குப் பதிலாக 6 படிகள் போதும். செயலி வடிவமைப்புப் பாடம் பயில்வோர் இதனைத் தவறாமல் சந்திப்பர். காகி 1994இல் பேராசிரியராக நோட்டர் டேமுக்குத் திரும்பினார். மின் பொறியியலில், மின்னோட்டம் இன்றி மின்னன்களின் இருக்கையைக் கொண்டே கணிக்கும் குவாண்டம் புள்ளிக் கலத் தன்னியக்கிகளை கிரெய்க் இலென்டும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் முன்மொழிந்தனர்.

காற்று ஆய்வு குடிசார் பொறியியலுக்கும் பரவியது. உயர்ந்த கட்டடங்கள் காற்றில் எவ்வளவு அசைகின்றன என்பதை அகசன் கரீம், திரேசி கிசெவ்சுகி-கொரியா ஆகியோர் கட்டடங்களிலேயே உணரிகளைப் பொருத்தி அளந்தனர். சிகாகோவின் வானளாவிகளும் துபாயின் புர்ஜ் கலீபாவும் அவற்றுள் அடங்கும். 2010இல் எயிட்டி நிலநடுக்கத்துக்குப் பின், அங்கு மக்களே தாங்கக்கூடிய விலையில் வீடு கட்டும் முறையை உருவாக்கும் பணியிலும் இத்துறையினர் ஈடுபட்டனர்.

சவுத் பெண்ட் ஒருகாலத்தில் சுடூடிபேக்கர் சிற்றுந்துத் தொழிற்சாலையால் வாழ்ந்த நகரம். 1963 திசம்பரில் அங்கு உற்பத்தி நின்றபின் ஊர் நலிந்தது. மதிலுக்குள் பல்கலைக்கழகம் வளர, மதிலுக்கு வெளியே நகரம் தேய்ந்தது என்ற மனக்குறை பல ஆண்டுகள் இருந்தது. பழைய தொழிற்சாலை நிலத்தில் உருவான இக்னீசன் பூங்காவில், 2016இல் நோட்டர் டேம் சுழலிப்பொறி ஆய்வகத்தைத் திறந்தது இதற்கு ஓரளவு மறுமொழியாகும். வானூர்திப் பொறிகளிலும் மின்நிலையங்களிலும் பயன்படும் சுழலிகள் அங்கு முழு வேகத்தில் சோதிக்கப்படுகின்றன.

சமயமும் பொறியியலும்

பொறியியல் மாணவர்களும் மெய்யியல், இறையியல் பாடங்களைக் கட்டாயம் பயிலவேண்டும். கத்தோலிக்கர் அல்லாதோருக்கும் இது பொருந்தும். கலைப் பட்டத்தையும் பொறியியல் பட்டத்தையும் ஐந்தாண்டுகளில் சேர்த்துப் பெறும் நெறியும் உண்டு. கணக்குகளுக்கே நேரம் போதாத நான்காண்டுப் படிப்பில் இது சுமை என்னும் குறை மாணவர்களிடையே உண்டு.

இதைவிடக் கடினமான வினா ஆய்வு நிதி பற்றியது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1983இல் வெளியிட்ட மேய்ப்புப்பணி மடல் அணுப்படைக்கலப் போட்டியைக் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தியது. எசுபர்க்கும் அணுப்படைக்கலக் குறைப்புக்காக உழைத்தார். மறுபுறம் வானூர்தி ஆய்வுக்கு அமெரிக்காவில் மிகுதியாக நிதி தருவது பாதுகாப்புத் துறையே. நோட்டர் டேமில் 2010களின் இறுதியில் அமைக்கப்பட்ட, 24 அங்குல விட்டமுள்ள மாக் 6 "அமைதி" காற்றுச் சுரங்கம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வழமையான மீயொலிச் சுரங்கங்களில் சுவரை ஒட்டிய காற்றின் இரைச்சலே சோதனையைக் குலைத்துவிடும். இதில் கூம்புக்குழலின் உட்சுவரைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, சுவரோரக் காற்றை உறிஞ்சி அகற்றி, உயர்வானத்தில் உள்ளதுபோன்ற அமைதியான ஓட்டத்தைப் பெறுகின்றனர். வளிமண்டலத்துக்குள் மீளும் விண்கலத்தின் வெப்பக் காப்பை வடிவமைக்கவும் இது உதவும். ஏவுகணையை வடிவமைக்கவும் உதவும்.

முன்னாள் மாணவர்கள்

ஐந்து விண்ணோடப் பயணங்களுக்குக் கட்டளைத் தலைவராக இருந்த ஜேம்சு வெதர்பி (1974), பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிய கெவின் போர்டு (1982) ஆகிய இருவரும் இங்கு வானூர்திப் பொறியியல் பயின்றவர்கள்.